வளவு மீன்குளமும் நீர்ச்செடியும்

வீட்டு வளவில் மீன்குளம் கட்டுவோருக்கு முதல் மாதம் கொண்டாட்டமாகவே கழியும். சீமெந்து காய்ந்து, கிணற்றுநீர் நிரப்பி, நாலைந்து தங்கமீனும் ஒரு பிடி கப்பிகளும் விட்டானதும், அயலவர் வந்து பார்த்துப் போவர். நீர் பளிங்குபோலத் தெளிந்திருக்கும். அடியிற் கிடக்கும் கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். பிள்ளைகள் காலையும் மாலையும் பாண்துண்டு கொண்டு ஓடுவர். இரண்டாம் மாதத்தில் நீர் மெல்லப் பச்சை பற்றத் தொடங்கும். மூன்றாம் மாதத்தில், பச்சைப்பயற்றை அரைத்துக் கரைத்தாற்போல அது தடித்துவிடும். மீன் உண்டோ இல்லையோ என்பது தீனி போடும்போது எழும் சலசலப்பைக் கொண்டுதான் தெரியவரும். பின்னொரு விடியற்காலையில் மீன்கள் யாவும் நீர்மட்டத்துக்கு வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கும்.

அன்றைக்கு வீட்டுக்காரர் என்ன செய்வார்? குளத்தை முற்றாக இறைத்து, சுவரைத் தும்புக்கட்டையால் உரஞ்சி, வெளிற்றுந்தூளும் தூவிக் கழுவி, புதுநீர் நிரப்புவார். அழுக்குப் போய்விட்டது என்று மனம் ஆறும். ஆனால் அடுத்த பச்சை இரண்டு கிழமையிலேயே வந்துவிடும். இடையில் மீன்கள் சில மிதக்கவும் கூடும். இப்படி நாலைந்து முறை உரஞ்சிய பின்னர் குளத்தை மண் போட்டு மூடி வாழை நட்டோரும் உளர். அவர்கள் உழைப்பிற் குறையில்லை. அழுக்கு எது, அது எங்கிருந்து வருகிறது என்பதை ஆராயாமல் உழைத்ததே குறை.

குளத்துக்குள் வெளியிலிருந்து வந்து சேரும் பொருள்களுள் முதன்மையானது தீனி. மீன் உண்ட தீனியிலுள்ள புரதத்தின் ஒரு பகுதியே மீனின் உடலாகிறது. எஞ்சியதன் பெரும்பங்கு அமோனியாவாக மாறி, மீனின் பூக்கள் வழியே நீரிற் கரைகிறது. உண்ணாது கிடந்து அழுகும் தீனியும், உதிர்ந்த சருகும் அமோனியாவையே தருகின்றன. இது கண்ணுக்குத் தெரியாது. பளிங்குபோன்ற நீரிலும் மீன் மடிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பச்சைநீரைக் கண்டு அஞ்சுவோர் தெளிந்த நீரையும் சற்றுச் சந்தேகிக்கவேண்டும்.

அமோனியா எல்லா நீரிலும் ஒரே அளவு நஞ்சாவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். நீரின் காரத்தன்மை ஏற ஏற அதன் கொடுமையும் ஏறும். வெப்பநிலை 28 பாகை சதமவளவாக உள்ள நீரில், பீ.எச். பெறுமானம் 7 ஆக இருப்பின், கரைந்துள்ள அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்கிலும் குறைவே மீனைத் தாக்கும் வடிவில் இருக்கும். பீ.எச். 8 ஆனால் அது ஆறு ஏழு பங்காகும். 9 ஆனால் நாற்பது பங்கு. யாழ்ப்பாணக் குடாநாட்டில், வழுக்கையாறு என்னும் மாரிகால ஓடையைத் தவிர, ஆறென்று சொல்ல ஒன்றில்லை. கிடைப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல்லின் ஊடாக ஊறிவரும் கிணற்றுநீர். அது வன்னீர், காரப்பக்கம் சாய்ந்தது. எனவே மலைநாட்டு மென்னீரில் மீன் பொறுத்துக்கொள்ளும் அமோனியாவைக் குடாநாட்டுக் குளத்து மீன் பொறுத்துக்கொள்ளாது. புதுச் சீமெந்துக் குளமோ இன்னும் கொடியது. அதன் சுவரிலிருந்து சுண்ணாம்பு கரைந்து காரத்தை மேலும் ஏற்றும். வாழைக்குற்றிகளை வெட்டிப் போட்டு ஊறவிட்டு, நீரைச் சில தடவை மாற்றிய பின்னரே மீன் விடுவது நாட்டில் நெடுநாளாக உள்ள வழக்கம்.

இயற்கையில் இந்த அமோனியா தேங்கி நிற்பதில்லை. 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் உருசிய அறிஞர், மண்ணில் வாழும் சில பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றன எனவும், வேறு சில அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன எனவும் தெளிவாகக் காட்டினார். காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும் இவ்விரு பெயர்களையும் மயங்கிவிடலாகாது. நைத்திரைற்று மீனின் குருதியைக் கெடுப்பது. நைத்திரேற்று மீனுக்கு அவ்வளவு தீங்கு செய்யாதது. குளத்துச் சுவரில் வழுவழுவென்று படிந்திருக்கும் மெல்லிய படலத்தில் இந்தப் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை புதுக்குளத்தில் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். வெளிற்றுந்தூள் தூவி உரஞ்சிய வீட்டுக்காரர் அழித்தது இந்தக் குடியிருப்பையே. அழுக்கைத் தின்னும் கூட்டத்தைத் துரத்திவிட்டு அழுக்கு ஏன் சேர்கிறது என்று அவர் வியக்கிறார்.

நைத்திரேற்று மீனைக் கொல்லாதெனினும் அது பச்சைப்பாசிக்கு எருவாகும். குடாநாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இட்ட உரத்தாலும், மலகூடக் குழிகளிலிருந்து கசிவதாலும், அங்குள்ள பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையை அது தாண்டியுள்ளதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய கிணற்றிலிருந்து புதுநீர் இறைப்பவர், பாசிக்கு உரத்தைக் குழாய்வழியே ஊற்றுகிறார் என்றே கொள்ளவேண்டும்.

இந்த இடத்திற்றான் நீர்ச்செடி வருகிறது. பாசி உண்ணும் அதே உணவையே நீர்ச்செடியும் உண்ணும். அமோனியாவையும் நைத்திரேற்றையும் பொசுபரசையும் அது வேரால் உறிஞ்சும். நீரில் அமிழ்ந்த செடியாயின் இலையாலும் உறிஞ்சும். நீர்ச்செடிகள் பல நைத்திரேற்றைக் காட்டிலும் அமோனியாவையே முதலில் விரும்பி எடுப்பது மீன் வளர்ப்போருக்கு நல்லூழ். வேரின் சல்லியெல்லாம் பற்றீரியாக்கள் பற்றிக்கொள்ள இடமாகும். மிதக்கும் துகள்கள் அவ்வேர்களில் ஒட்டிக்கொள்ளும். மேலே விரிந்த இலை வெயிலை மறைப்பதாற் பாசிக்கு ஒளி குறையும். உணவும் ஒளியும் ஒருங்கே குறைந்த பாசி தானே அடங்கிவிடும்.

இது இன்றைக்குக் கண்ட புதுமையன்று. இலங்கையின் வறண்ட வலயத்துச் சிற்றூர்க் குளங்களில், மேட்டுநிலத்து வெள்ளம் குளத்துள் நுழையும் இடத்திற் புல்லும் கோரையும் அடர்ந்த ஒரு பட்டையை முன்னோர் விட்டுவைத்தனர். சிங்கள உழவர் அதனைப் ‘பெரஹன’ என்பர். வடிகட்டி என்பதே அச்சொல்லின் பொருள். வெள்ளம் கொண்டுவரும் வண்டலை அப்பட்டை பிடித்து வைத்துக்கொண்டு நீரை மட்டும் குளத்துள் விடும். அறிவியலார் இதனை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனது மிகப் பிந்தியே. 1950களில் ஜேர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கேத்தே சைடல் என்னும் பெண்மணி, கோரையினச் செடிகள் மாசடைந்த நீரைத் தூய்மையாக்கும் ஆற்றலை ஆராய்ந்தார். 1970களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், நாசா நிறுவனத்தைச் சேர்ந்த பில் வுல்வர்ட்டன் ஆகாயத்தாமரையைக் கழிவுநீர்த் தடாகங்களில் வளர்த்து ஆய்வு நடத்தினார். விண்வெளிக்குக் கலம் அனுப்பும் நிறுவனம் குட்டையில் மிதக்கும் செடியை நாடியது சிலருக்கு வியப்பாயிருக்கலாம்.

ஆயினும் செடி நட்டதும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். ‘செடிகள் வைத்தும் பச்சை போகவில்லை’ என்னும் முறைப்பாடு அவர்களிடமிருந்தே வருகிறது. செடி எதையும் அழிப்பதில்லை. நீரிலிருந்து எடுத்ததைத் தன் உடம்பில் வைத்திருக்கிறது, அவ்வளவே. இலை மஞ்சளாகி நீரில் விழுந்தால் எடுத்ததெல்லாம் மீண்டும் நீருக்கே போய்ச் சேரும். கடன் வாங்கியவன் கையிலிருக்கும் பணம்போல அது ஒருநாள் திரும்பியே தீரும். அதனை வெட்டிக் குளத்துக்கு வெளியே கொண்டுபோகிறவரைக்கும் குளத்தின் கணக்கில் ஒன்றும் குறைவதில்லை.

கணக்கென்று சொன்னதைக் கணக்காகவே பார்க்கலாம். 10 அடி நீளமும் 6 அடி அகலமும் இரண்டரை அடி ஆழமுமுள்ள குளம் ஏறக்குறைய 4,250 லீற்றர் நீர் கொள்ளும். அக்குளத்து மீனுக்கு நாளொன்றுக்கு 20 கிராம் தீனி போடப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 30 பங்கு புரதமுள்ள அத்தீனியில் ஏறத்தாழ ஒரு கிராம் நைதரசன் இருக்கும். அதில் மூன்றிலொன்றை மீன் வைத்துக்கொண்டாலும், மாதமொன்றுக்கு 20 கிராம் நைதரசன் நீரிற் சேர்கிறது. அதனை முழுவதும் நைத்திரேற்றாகக் கொண்டால், ஒவ்வொரு லீற்றரிலும் மாதந்தோறும் 20 மில்லிகிராமுக்குச் சற்று மேலாக ஏறும். ஒரு கிலோ வள்ளைக்கீரையில் இருக்கும் நைதரசன் நான்கு கிராம் அளவே. ஆகவே சேர்வதைச் செடிகொண்டே முற்றாக வெளியேற்றுவதாயின் மாதம் ஐந்து கிலோ, அதாவது கிழமைக்கு ஒன்றேகால் கிலோ கீரை வெட்டப்படவேண்டும்.

அவ்வளவு கீரை அச்சிறு குளத்தில் எளிதில் விளையாது. அடிச்சேற்றில் ஒட்சிசன் இல்லாத இடங்களில் வாழும் வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றின் ஒரு பங்கை வெறும் நைதரசன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும் என்பது உண்மை. கிழமைக்கொருமுறை பத்திலொரு பங்கு நீரை இறைத்து வாழைக்கு விட்டால் இன்னொரு பங்கு கழியும். எனினும் எளிய வழி தீனியைக் குறைப்பதே. மீன் இரண்டு மூன்று நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவுக்கு மேற் போடப்படும் தீனி மீனுக்கன்று, பாசிக்கே. பிள்ளைகள் கொண்டுவரும் பாண்துண்டைத் தடுப்பது வீட்டிற் பெரியவர்களுக்குச் சற்றுக் கடினமான காரியந்தான்.

வள்ளைக்கீரையைக் கணக்குக்கு எடுத்தது காரணமின்றி அன்று. சந்தையில் கங்குன் என்று விற்கப்படுவதும் அதுவே. ஈரமண்ணிலும் நீரிலும் ஒருங்கே வளரும். தண்டுக்குள் துளை இருப்பதால் நீரின்மேல் மிதந்து படரும். ஒரு கணுவை நட்டால் மறுகிழமை வேர்விடும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். இவற்றையெல்லாம் விட மேலான சிறப்பு ஒன்று அதற்குண்டு: அது கறிக்கு ஆகும். அழகுக்கு வைத்த செடியை வெட்ட எவருக்கும் மனம் வருவதில்லை. நாளை வெட்டுவோம் என்று மாதம் கடந்துவிடும். கறிக்கு ஆகும் செடியை வீட்டம்மா எவரும் சொல்லாமலே வெட்டிக்கொண்டு போவார். குசினியிலிருந்து கத்தி வரும் குளத்தில் இலை அழுகுவதற்கு நேரமில்லை. குளத்துக் கீரையை நன்றாகக் கழுவி, பச்சையாக உண்ணாமல் அவித்தே உண்ணவேண்டும் என்பதும், வீட்டுக் கழிவுநீர் எந்த வழியிலேனும் வந்து சேரும் குளத்தின் கீரையைக் கறிக்கு எடுக்கலாகாது என்பதும் மறக்கத்தக்கவை அல்ல.

கரையோரத்து ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் தழைக்கும். அவையும் குசினிக்கு உரியவை. குழந்தை உள்ள வீடுகளில் மருந்துப்பெட்டியில் இருக்கும் வசம்பு, சேற்றுநிலத்துச் செடியே. இதன் கிழங்கைக் கூழாங்கல்லிடையே நட்டால் வாள்போன்ற இலை விட்டு நிற்கும். நீருக்குள் அமிழ்ந்து வளர்வனவற்றுள் வேலம்பாசி எளிதிற் கிடைப்பது. பகலில் அதன் இலையில் முத்துமுத்தாக ஒட்சிசன் குமிழிகள் நிற்பதைக் காணலாம். மீன்குஞ்சுகள் பெரிய மீனின் வாய்க்குத் தப்பி ஒளிவதும் அதனிடையே. அது விரைந்து பெருகுவதால் கிழமைதோறும் ஒரு கடகம் அள்ளி எறியவேண்டும். அள்ளி எறிவதே அதன் பயன் என்று மேலே சொன்ன கணக்கு காட்டுகிறது.

அல்லிக்குத் தனியிடம் உண்டு. 1986ஆம் ஆண்டு முதல் இலங்கையின் தேசிய மலராக விளங்கும் நீலோற்பலமும் அல்லிக் குடும்பத்ததே. மூதுரை படித்தவர்கள் கொட்டியையும் ஆம்பலையும் நெய்தலையும் நல்ல உறவினருக்கு உவமையாகக் கற்றிருப்பர். நீர் வற்றினாலும் குளத்தை விட்டுப் போகாதவை அவை. அல்லியை ஒரு மண்தொட்டியில் களிமண் இட்டு நட்டு, மேலே கூழாங்கல் பரப்பிக் குளத்துள் இறக்கவேண்டும். கல் பரப்பாவிடில் தங்கமீன் மண்ணைக் கிளறி நீரைக் கலக்கும். நாளொன்றுக்கு ஐந்தாறு மணிநேர வெயில் அதற்கு வேண்டும். நீர் கொட்டும் குழாய்க்கு அருகில் அது வாடும். இலைகள் நீர்ப்பரப்பின் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் மூடியிருப்பது அளவு. எருச்சாணத்தை அதன் தொட்டியில் இடுவோர் சிலர். பூ நன்றாகப் பூக்கும், நீர் கெடும்.

அசோல்லாவைப் பற்றி ஒரு சொல். வயலுக்கு நல்லதாகையாற் குளத்துக்கும் நல்லதாகவே இருக்கும் என்று அதனைக் கொண்டுவந்து விடுவோர் உண்டு. அதன் இலைக்குள் வாழும் ஒரு நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதனாலேயே அது வயலுக்கு உரமாகிறது. நைதரசனை வெளியேற்ற முயலும் குளத்தில் நைதரசனைக் கொண்டுவந்து சேர்க்கும் செடி எதற்கு?

இனி, எச்சரிக்கை வேண்டிய மூன்று செடிகள். நீரை வடிகட்டும் ஆற்றலில் இவை எவற்றுக்கும் இளைத்தவை அல்ல. ஆபத்தும் அந்த ஆற்றலிலேதான் இருக்கிறது. ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவுக்குரியது. கிழக்கு மாகாணத்தில் இதனை ஆற்றுவாழை என்பர். ஊதாப்பூவின் அழகுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த இச்செடி, சில ஆண்டுகளுக்குள் நீர்நிலைகளை மூடத் தொடங்கவே, 1909ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஒரு பூஞ்செடிக்கு எதிராக ஓர் அரசு சட்டம் எழுதியதென்றால் அதன் பெருக்கத்தை ஊகித்துக்கொள்ளலாம். சல்வீனியா 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியற் பகுதிக்கு ஆய்வுக்காகக் கொண்டுவரப்பட்டது. அங்கிருந்து தப்பி, வயல்களையும் வாய்க்கால்களையும் அடைத்தது. சட்டத்தாலும் மருந்தாலும் அடங்காத அதனை, 1986இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விட்ட, எள்ளளவேயான ஒரு கூன்வண்டுதான் பெருமளவு அடக்கியது. மூன்றாவது, சிறு கோவாப்போல மிதக்கும் அந்தரத்தாமரை. யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்பும் மன்சோனியா நுளம்பின் குடம்பி, நீர்மட்டத்துக்கு வராமல் இதன் வேரைத் துளைத்து, அதனுள்ளிருக்கும் காற்றையே சுவாசிக்கும். வேர்க்கற்றைக்குள் ஒளிந்திருப்பதால் மீனின் கண்ணுக்கும் அகப்படாது. ஆதலின் இம்மூன்றையும் விலைக்கும் வாங்கவேண்டாம், இனாமாக வந்தாலும் ஏற்கவேண்டாம். எந்த நீர்ச்செடியாயினும், வெட்டியதை வாய்க்காலிலோ ஊர்க்குளத்திலோ எறிவது அயலவர் தலையில் சுமை ஏற்றுவதாகும். வெயிலில் நன்கு காயவைத்துத் தென்னையடியிற் புதைத்துவிட்டால் நல்ல பசளை.

செடிகளைக் குளத்தினுள்ளேயே வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. தங்கமீனும் கெண்டையும் இளவேரைக் கடித்துத் தின்னும். 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியாவுக்கு இளந்தளிர் விருந்து. ஆகவே குளத்தின் அருகே அதனிலும் சற்று உயர்வாக ஒரு சிறு தொட்டியைக் கட்டி, செடிகளை அங்கே வளர்ப்பது சிறந்த ஏற்பாடு. அதன் பரப்பு குளத்தின் பரப்பில் ஐந்திலொரு பங்கேனும் இருப்பது நன்று. அடியிலே துளையிட்ட குழாய் ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் ஓர் அடி உயரத்துக்குக் கருங்கற்சல்லி பரப்பி, அதிலே கங்குன், வல்லாரை, வசம்பு முதலியவற்றை மண்ணில்லாமலே நடவேண்டும். மண்ணிட்டால் அதிலுள்ள உணவையே செடி உண்டு, நீரிலுள்ளதை விட்டுவிடும். சிறு மின்பம்பி குளத்துநீரை அக்குழாய்க்குள் தள்ள, நீர் சல்லியூடாக மெல்ல மேலெழுந்து, வேர்களைத் தழுவி, மறுபக்க விளிம்பால் மீண்டும் குளத்துள் வழியும். வழிந்து விழும்போது காற்றும் கலக்கும். நீர்மட்டம் சல்லியின் மேற்பரப்புக்கு இரண்டங்குலம் கீழே நிற்கும்படி வழிவாயை அமைத்தல் அவசியம். மேலே நீர் தேங்கினால் அங்கே மீன் எட்டாது, நுளம்பு எட்டும். டெங்குக்காக வளவு பார்க்கவரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளத்தைவிட இத்தகைய மூலைகளையே தேடிப் பார்ப்பார்; பார்ப்பதும் நியாயமே.

கடையில் விற்கும் பெட்டிவடிகட்டிகளோடு ஒப்பிடுகையில் இத்தொட்டிக்குள்ள பலம் ஒன்றை 2022ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. மூடிய பெட்டிக்குள் நீரோட்டம் நெடுநேரம் நின்றால், அதற்குள்ளிருக்கும் பற்றீரியாக்கள் ஒட்சிசனின்றி மடியும். மின்சாரம் வந்ததும் அப்பெட்டியில் அழுகியது குளத்துள் பாயும். சல்லித்தொட்டியிலும் நீரோட்டம் நிற்கும். ஆனால் குளத்துக்குள் வேலம்பாசியும் அல்லியும் இருப்பின், அவை மின்சாரத்தை எதிர்பாராமல் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மீன் குறைவாயுள்ள குளத்துக்குப் பம்பியே வேண்டியதில்லை.

செடி பற்றி இவ்வளவு புகழ்ந்தபின் அதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பகலில் ஒட்சிசனைத் தரும் அதே செடி இரவில் ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். வெப்பநீர் ஒட்சிசனைக் குறைவாகவே கொள்ளும். 20 பாகையில் லீற்றருக்கு ஒன்பது மில்லிகிராம் கொள்ளும் நீர் 30 பாகையில் ஏழரை மில்லிகிராமே கொள்ளும். பாசியும் செடியும் மீனும் சேற்றுப் பற்றீரியாவும் ஆகிய யாவும் அந்த ஏழரையையே இரவு முழுவதும் பங்கிடுகின்றன. தொடக்கத்திற் கூறிய விடியற்காலை மீன்கள் வாயைத் திறந்தது பசியால் அன்று, மூச்சுக்காக. செடி நெருக்கமான குளங்களிலும் அது நிகழும். இறுக்கமான, காற்றில்லாத சித்திரை இரவுகளில் கவனம் வேண்டும். நீர்ப்பரப்பின் மூன்றிலொரு பங்காவது திறந்திருக்கவேண்டும் என்பதன் காரணமும் இதுவே. மீன் மேலே வந்து தவிப்பதைக் கண்டால், வாளியால் நீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவது உடனடி உதவி. கொழும்பு போன்ற இடங்களிற் குழாய்நீரை நேரே விடுவது உதவியன்று. அதில் குளோரின் உண்டு. இரண்டொரு நாள் திறந்த தொட்டியில் வைத்திருந்த பின்னரே அது மீனுக்கு ஆகும்.

குளத்தின் நிலையை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 1865ஆம் ஆண்டு உரோமாபுரி வானியலறிஞரான செக்கி என்னும் குருவானவர், மத்தியதரைக் கடலிற் கப்பலொன்றிலிருந்து வெண்ணிறத் தட்டைக் கயிற்றில் இறக்கி, அது எந்த ஆழத்திற் கண்ணுக்கு மறைகிறது என்று அளந்தார். கடலாய்வாளரும் ஏரியாய்வாளரும் இன்றுவரை அந்தத் தட்டைக் கைவிடவில்லை. வீட்டில் ஓரம் உடைந்த வெள்ளைத் தட்டு ஒன்று எப்போதும் இருக்கும். அதனைக் கயிற்றில் கட்டி, அடிக்கொரு முடிச்சிட்டு, கிழமைக்கொருமுறை நண்பகலில் இறக்கிப் பார்க்கலாம். இரண்டரை அடியின் அடிவரை தட்டுத் தெரிந்தால் செடியும் மீனும் சரிநிறையாக உள்ளன. ஓர் அடியிலேயே மறைந்துவிட்டால், தீனியை மூன்று நாளைக்கு நிறுத்தலாம். வளர்ந்த மீன் மூன்று நாட் பட்டினியால் இறவாது. நான்காம் நாட் காலையில் கடகத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு, மஞ்சள் பற்றிய அல்லியிலைகளை அடிக்காம்போடு அறுத்து, வேலம்பாசியில் பாதியை அள்ளி, கங்குனை இரண்டு கணு விட்டு வெட்டி, எல்லாவற்றையும் வரம்புக்கு அப்பால் வாழையடியிற் கொட்டவேண்டும். தட்டை மறுகிழமை மீண்டும் இறக்கலாம்.